தேக்கு இறங்கிய தடத்தில் ஏறிய பறவையியல்: கொச்சி அரசு, காட்டு டிராம்வே, ஒரு கொண்டைக்குருவி

மட்டாஞ்சேரி அரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுக்கீசியரால் கட்டப்பெற்றுக் கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு அளிக்கப்பட்டது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டனர். 'டச்சு அரண்மனை' என்னும் பெயர் அதனால் நிலைத்தது. பிரிட்டிஷ் காலத்தில் இக்கரையின் ஆட்சி எல்லை விந்தையாக அமைந்தது. கோட்டைக் கொச்சி மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டிக் கிடந்த மட்டாஞ்சேரியோ கொச்சி சமஸ்தானத்தின் மண். அரச குடும்பம் திருப்பூணித்துறைக்கும் நிர்வாகம் எர்ணாகுளத்துக்கும் பெயர்ந்த பின்னரும், முடிசூட்டு மண்டபம் என்ற மதிப்பு மட்டாஞ்சேரி அரண்மனையிடமே இருந்தது.

இவ்வரசின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கடலை நோக்கியே அமர்ந்து எழுதுகின்றனர். மிளகு, யூத வணிகர், கொங்கணியர், குஜராத்தியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், இறுதியாக ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகம் என்ற வரிசையில் அக்கதை செல்கிறது. ஆனால் ஏறத்தாழ 1,400 சதுர மைல் பரப்பே கொண்ட அச்சிறிய அரசின் மறுகோடி, கடலிலிருந்து விலகிப் பாலக்காட்டுக் கணவாயின் தென் விளிம்பில், நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் மலைகளில் முடிந்தது. கடற்கரையையும் அக்காட்டையும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஒரு தண்டவாளம் இணைத்தது. அத்தடத்தில் மரம் கீழே இறங்கியது. 1933இல் அதே தடத்தின் ஓரத்தில் பறவையியல் தன் கூடாரத்தை அமைத்தது. இவ்விரண்டையும் ஒரே வரலாறாக வாசித்தல் இயலுமா என்பதே இங்கு எழும் வினா. அதற்கு விடை தேட உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் மஞ்சள் பட்டாணிக்குருவி சிட்டுக்குருவியினும் பெரியதன்று. கன்னமும் வயிற்றின் இருபுறமும் மஞ்சள். தலையில் கூர்மையான கருங்கொண்டை. தொண்டையிலிருந்து வயிற்றின் நடுவே இறங்கும் கரும்பட்டை. முதுகு பசுமை கலந்த ஒலிவ நிறம். மலையாளத்தில் இதற்குப் 'பச்சமரப்பொட்டன்' என்று பெயர். தனித்துத் திரிவதைவிடப் பிற சிறு பறவைகளோடு கலந்த கூட்டமாக மர உச்சிகளில் பூச்சி தேடித் திரிவதே இதன் இயல்பு. மரப்பொந்தில் கூடு வைக்கும்.

இக்குருவியின் சுற்றம் பெரும்பாலும் வடக்கே உள்ளது. பட்டாணிக்குருவிக் குடும்பம் யூரேசியாவின் ஊசியிலைக் காடுகளிலும் வட அமெரிக்காவிலும் இமயமலையிலும் பல்கிப் பரந்தது. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட ஐரோப்பியக் கொண்டைப் பட்டாணிக்குருவி, பனி படியும் பைன் மரக்காடுகளின் பறவை. இமயமலைச் சரிவுகளில் வாழும் மஞ்சள் கன்னக் குருவிக்கு நிக்கோலஸ் விகர்ஸ் 1831இல் பெயர் சூட்டினார். அதை மிக ஒத்த தீபகற்பப் பறவைக்குக் கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1847இல் பெயர் அளித்தார். நெடுங்காலம் இவ்விரண்டும் ஒரே சிற்றினத்தின் கிளைகளாகவே கருதப்பட்டன. பின்னரே தனித்தனிச் சிற்றினங்களாக ஏற்கப்பட்டன. தென்கோடி மலைகளின் பறவை சற்று வேறுபட்டது எனக் கண்ட ஹ்யூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் 1932இல் அதைத் தனித் துணையினமாக வகுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'திருவாங்கூருக்குரியது' எனப் பொருள்படும்.

ஆகவே 1933ஆம் ஆண்டு களப்பணி தொடங்கியபோது இக்குருவிக்குப் பெயர் இருந்தது. அதன் உறவுக்காரர்கள் இமயத்தில் இருப்பதும் தெரிந்திருந்தது. அது இத்தெற்கு மலைகளில் எங்கெங்கு, எவ்வுயரத்தில், எவ்வகைக் காட்டில், எப்பருவத்தில் கூடு கட்டி வாழ்கிறது என்பதே முறையாகத் தொகுக்கப்படாமல் இருந்தது. பெயருக்கும் வாழ்க்கைக்கும் இடையிலிருந்த இவ்விடைவெளி ஒரு குருவிக்கு மட்டும் உரியதன்று. கேரளப் பறவைகளில் பலவற்றின் நிலை அதுவே.

இவ்விடைவெளி ஏன் நிகழ்ந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கொச்சியின் மற்றொரு பெரும் தொகுப்பை நினைவுகூர்தல் வேண்டும். டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் கொச்சியில் தொடங்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது. மலபாரின் தாவரங்கள் மலையாளப் பெயர்களோடும் பெரிய செப்புத்தகட்டு ஓவியங்களோடும் அதில் இடம்பெற்றன. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோரும் 1675இல் அளித்த சான்றுரைகள் நூலுக்குள்ளேயே அச்சாயின. மருந்தாகும் செடி வணிகத்துக்கும் படைவீரர்களின் உடல்நலத்துக்கும் வேண்டியதாயிருந்தது. ஆகவே ஆளுநரின் அதிகாரமும் வைத்தியரின் அறிவும் ஒரே நூலில் சந்தித்தன. காட்டின் உச்சிக்கிளையில் பூச்சி தேடும் குருவியால் எந்த வணிக நிறுவனத்துக்கும் பயனில்லை. பறவைக்கென ஒரு 'ஹோர்த்துஸ்' கொச்சியில் உருவாகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவைகளைத் தொகுக்கும் பணி பெரும்பாலும் தோட்ட முதலாளிகள், இராணுவ மருத்துவர்கள், வன அலுவலர்கள் ஆகியோரின் ஓய்வுநேர ஆர்வத்தைச் சார்ந்தே நடைபெற்றது. மதராஸ் படையின் மருத்துவர் டி.சி. ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' நூல் அவ்வகையின் சிகரம். திருவாங்கூர் மலைப்பகுதிக்கான முதற்பட்டியல், தோட்டக்காரரான பூர்டில்லன் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு ஏ.ஓ. ஹ்யூம் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் 1876இல் வெளியாயிற்று. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எச்.எஸ். ஃபெர்குசன் அதே அரசின் பறவைகளைப் பற்றி 1900களின் தொடக்கத்தில் தொடர் எழுதினார். இவ்விரு பணிகளும் திருவாங்கூரைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது.

கொச்சி அரசு தன் காட்டை அறியும் வேலையை வேறொரு வாயிலின் வழியே தொடங்கியது. அவ்வாயில் வருவாய்.

1895 முதல் 1914 வரை ஆட்சி செய்த ராஜரிஷி ராமவர்மர் காலத்தில் ஷொறணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில்பாதை அமைக்கப்பட்டு 1902இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பணம் திரட்டத் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் யானை நெற்றிப்பட்டங்கள் விற்கப்பட்ட செய்தி கேரளத்தில் இன்றும் வழங்குகிறது. அந்த ரயில்பாதையில் சாலக்குடி ஒரு நிலையம். அங்கிருந்து கிழக்கே மலையேறிப் பரம்பிக்குளத்தை அடைய ஒரு காட்டு டிராம்வே அமைக்கும் திட்டத்தை வனத்துறைத் தலைவர் ஜே.சி. கோல்ஹாஃப் முன்வைத்தார். சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மீட்டர் பாதை 1907 முதல் 1963 வரை இயங்கியது.

அப்பாதையின் இயக்கமுறை எளிமையும் துணிவும் கலந்தது. சமதளப் பகுதிகளில் நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்தது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் பயன்படாது. அங்கே எஃகு வடத்தின் இரு முனைகளிலும் பெட்டிகள் பிணைக்கப்பட்டன. மரம் ஏற்றிய பெட்டிகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையே வெறும் பெட்டிகளை மேலே இழுத்தது. காடு இழக்கும் மரத்தின் பளுவே அடுத்த மரத்தை ஏற்றிச் செல்லும் பெட்டியை மேலே கொண்டு சேர்த்தது என்று சொன்னால் அது அணியுரை ஆகாது. அச்சரிவுகளின் பொறியியலே அதுதான்.

பரம்பிக்குளத்தின் தேக்கும் ஈட்டியும் இவ்வழியே சாலக்குடியை அடைந்தன. அங்கிருந்து ரயிலில் கொச்சிக் காயலின் கரைக்கு வந்தன. அக்காலத்தில் கப்பல்கள் காயலுக்குள் நுழைய முடியாது. முகத்துவாரத்தின் மணற்திட்டு அவற்றைத் தடுத்தது. 1920இல் வந்த பொறியாளர் பிரிஸ்டோ அத்திட்டை வெட்டினார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மணலைக் கொட்டி வெல்லிங்டன் தீவு எழுந்தது. அத்தீவின் மேற்குக் கரையில், அரண்மனைக்கு எதிரே, மட்டாஞ்சேரித் துறைமேடை அமைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்டபோது சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். காடு, ரயில், துறைமுகம் ஆகிய மூன்றையும் ஒரே நிதிக் கணக்கின் பகுதிகளாகக் காணும் அரசு அது.

அதே அரசு தன்னைப் பற்றிய அறிவையும் முறையாகத் தொகுக்க முயன்றது. பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் எழுதிய 'கொச்சியின் பழங்குடிகளும் சாதிகளும்' நூலின் முதல் தொகுதி 1909இல் வந்தது. அந்நூல் காடர்களைப் பற்றிய விவரிப்போடு தொடங்குகிறது. சி. அச்சுத மேனனின் 'கொச்சி ராஜ்ய மானுவல்' 1911இல் வெளியாயிற்று. மக்கள், நிலம், வருவாய் ஆகியவை பதிவேறிய பின் காட்டுயிரின் முறை வந்தது. 1933ஆம் ஆண்டின் பறவை ஆய்வை இவ்வரிசையில் வைத்துக் காண்பதே பொருத்தம்.

சாலிம் அலி (1896–1987) அவ்வேளையில் நிலையான வேலை இல்லாதவர். 1929இல் பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசெமானிடம் பயின்று திரும்பியவருக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் இடம் கிட்டவில்லை. சுதேச அரசுகள் முகாம் செலவை ஏற்றால், ஊதியமின்றி அவ்வரசுகளின் பறவைகளை ஆய்ந்து தருவதாக அவர் முன்வந்தார். ஐதராபாத் ஆய்வு முதலில் நடந்தது. அடுத்ததாகத் திருவாங்கூரும் கொச்சியும் இசைந்தன. 1933 ஜனவரியில் மறையூர்ப் பகுதியில் தொடங்கிய பயணத்தில் மனைவி தெஹ்மினாவும் உடன் சென்றார். கொச்சி அரசின் எல்லைக்குள் நடந்த முகாம்களில் புகழ்பெற்றது குரியார்குட்டி. பரம்பிக்குளம் காட்டின் உள்ளே, காட்டு டிராம்வேயின் மீது அமைந்த ஒரு நிலையம் அது. அங்கிருந்த வனத்துறைக் கட்டடம் ஆய்வாளருக்குத் தங்குமிடமாயிற்று.

அக்காலப் பறவையியலின் முறை துப்பாக்கியும் கத்தரியும் பஞ்சும் சீட்டும் சேர்ந்தது. பறவையைச் சுடுவது, தோலை உரித்து நஞ்சிட்டுப் பாடம் செய்வது, இறகு, அலகு, கால் ஆகியவற்றை அளப்பது, இனப்பெருக்க உறுப்பின் நிலையைக் குறிப்பது, காலில் ஒரு சீட்டைக் கட்டுவது ஆகியன அம்முறையின் படிகள். சீட்டில் இடம், நாள், உயரம், பால், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதப்படும். பாடம் செய்த தோல்களை இங்கிலாந்தில் இருந்த விஸ்லர் ஒப்பிட்டு வகைப்படுத்தினார். பஞ்சாப் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற அவர் இந்தியப் பறவைகளின் வகைபாட்டில் அந்நாளின் முதன்மை அறிஞர்களுள் ஒருவர். களக்குறிப்பும் வகைபாட்டுக் குறிப்பும் இணைந்த அறிக்கை 1935 முதல் 1937 வரை பம்பாய் சங்கத்தின் இதழில் பகுதி பகுதியாக வந்தது. மஞ்சள் பட்டாணிக்குருவியும் அவ்வறிக்கையில் தன் இடத்தைப் பெற்றது.

இவ்வறிக்கையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் மாணவர் முதலில் கவனிக்க வேண்டியது, முகாம்கள் எங்கே அமைந்தன என்பதே. வண்டி செல்லும் சாலை, தோட்டத்து மாளிகை, வன விடுதி, டிராம்வே நிலையம் ஆகியவை இருந்த இடங்களிலேயே முகாம் அமைக்க இயலும். கூடாரம், துப்பாக்கி, உப்பு, அரிசி, பாடம் செய்யும் பொருள்கள், உலர்த்திய தோல்களின் பெட்டிகள் ஆகியவற்றைச் சுமந்து செல்லும் வழி வேண்டும். ஆகவே 1933ஆம் ஆண்டின் பறவை வரைபடம் ஒருவகையில் அவ்வாண்டின் போக்குவரத்து வரைபடமும் ஆகும். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பறவை பதிவாகவில்லை என்றால், அங்கே அப்பறவை இல்லை என்று முடிவுகட்ட இயலாது. அங்கே பாதை இல்லாமலும் இருந்திருக்கலாம். காலனியக் காலப் பட்டியல்களை இன்றைய கணக்கெடுப்புகளோடு ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. தண்டவாளம் சென்ற இடத்துக்கே பறவையியல் சென்றது என்றால், மரம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காட்டையே அது கண்டது. கால்நூற்றாண்டுக்கும் மேலாகத் தேக்கை இறக்கிக்கொண்டிருந்த பாதையின் ஓரத்தில் நின்று எழுதப்பட்ட பட்டியலைத் 'தீண்டப்படாத காட்டின்' பட்டியலாகக் கொள்வது பிழை. மரப்பொந்தில் கூடு வைக்கும் குருவிக்கு முதிர்ந்த மரம் வேண்டும். வணிகம் முதலில் குறிவைப்பதும் முதிர்ந்த மரத்தையே. பிற்காலச் சூழலியலாளர் தம் ஒப்பீட்டுக்கு அடிக்கோடாகக் கொள்ளும் 1933, உண்மையில் மாற்றத்தின் நடுவே இழுக்கப்பட்ட கோடு.

இவ்வளவு கூறியபின் அவ்வாய்வை மரவணிகத்தின் வாலாக மட்டும் குறுக்கிவிட முடியுமா? முடியாது. அறிவு எந்தத் தடத்தில் வந்ததோ அத்தடத்தின் நோக்கத்துக்குள் அடங்கி நின்றுவிடவில்லை என்பதற்கு அடுத்த இருபது ஆண்டுகளே சான்று.

தென்னிந்திய மலைகளில் வாழும் உயிர்கள் பலவற்றின் நெருங்கிய உறவுகள் கிழக்கு இமயத்திலும் அஸ்ஸாமிலும் பர்மாவிலும் உள்ளன. இடையில் கங்கைச் சமவெளியும் வறண்ட தக்காணமும் கிடக்கின்றன. அவை எவ்வாறு இங்கு வந்தன? இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுந்தர் லால் ஹோரா, மலையோடைகளில் பாறையைப் பற்றி வாழும் மீன்களை ஆய்ந்து 1940களில் ஒரு விடை சொன்னார். ஒருகாலத்தில் ஈரமும் காடும் தொடர்ந்திருந்த விந்திய-சாத்பூரா மலைத்தொடரின் வழியே அவை மேற்கே நகர்ந்து, பின் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றித் தெற்கே இறங்கின என்பது அவர் கருதுகோள். சாலிம் அலி 1949இல் பறவைகளின் சான்றைக் கொண்டு சாத்பூராவைப் பறவைகளின் நெடுஞ்சாலையாக ஆராயும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு எஸ். டில்லன் ரிப்ளி, தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் பறவைகள் ஒருமுறைக்கு மேல் அலையலையாக வந்திருக்கலாம் என்னும் கோணத்தில் எழுதினார். வில்லியம் டில்ஜர் 1952இல் கருதுகோளுக்கு மாற்றான விளக்கம் ஒன்றை முன்வைத்தார். இவ்விவாதம் நடைபெற வேண்டுமாயின் எந்தப் பறவை எம்மலையில் உள்ளது என்ற நம்பத்தகுந்த பட்டியல்கள் வேண்டும். 1930களின் சமஸ்தான ஆய்வுகள் அத்தகைய பட்டியல்களையே அளித்திருந்தன.

மஞ்சள் பட்டாணிக்குருவியின் பரவல் இவ்விவாதத்தில் சிந்தனைக்குரியது. அதன் வடக்கத்திய உறவு இமயமலையில் வாழ்கிறது. கங்கைச் சமவெளியில் இவ்விரண்டும் இல்லை. நடு இந்திய மலைக்காடுகளில் மஞ்சள் பட்டாணிக்குருவி மீண்டும் தென்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தெற்கே நீள்கிறது. கடலைத் தாண்டி இலங்கையை அடையவில்லை. இமயத்திலும் தென்முனையிலும் மட்டும் வாழ்ந்து இடையே காணாமற்போன பறவைகள் சில உண்டு. இக்குருவி அவ்வாறன்று. ஹோரா கற்பித்த பாதையின் நடுப்பகுதியிலும் இன்றும் அது குடியிருக்கிறது. இதனால் கருதுகோள் நிறுவப்பட்டுவிட்டது என்று கொள்ள இயலாது. ஆனால் காடு தொடர்ந்தால் சிறு பறவையும் தொடரும், காடு அறுந்தால் உறவும் அறுந்து காலப்போக்கில் வேறு சிற்றினமாகும் என்ற எளிய உண்மையை அப்பரவல் கண்முன் நிறுத்துகிறது.

மரபணு ஆய்வுகள் வந்தபின் படம் மேலும் சிக்கலாயிற்று. 2013இல் வெளியான பட்டாணிக்குருவிக் குடும்பத்தின் விரிவான மரபுவழி ஆய்வு, மஞ்சள் கொண்டைக்காரர்களைத் தனிப் பேரினமாக வைப்பதை வலுப்படுத்தியது. வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2015இலும் 2017இலும் வெளியிட்ட ஆய்வுகள், சோலைக்காட்டுப் பறவைகள் சிலவற்றின் வரலாறு முன்னர் எண்ணியதைவிட மிகப் பழமையானது என்று காட்டின. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் அப்பறவைகளைப் பிரித்து வைத்த பெரும் தடை. குரியார்குட்டியும் நெல்லியாம்பதியும் அக்கணவாயின் தென்புறத்தில் உள்ளன. பழைய ஆய்வாளர் சீட்டில் எழுதிய ஊர்ப்பெயர், கணவாய்க்கு வடக்கா தெற்கா என்ற ஒரே வினாவின் பொருட்டு, எண்பது ஆண்டுகளுக்குப் பின் புதிய மதிப்புப் பெற்றது.

சீட்டில் எழுதப்பட்டதைப் போலவே எழுதப்படாததும் வரலாற்றுக்கு முக்கியம். பரம்பிக்குளம், நெல்லியாம்பதி மலைகள் காடர், மலசர், முதுவர் முதலிய மக்களின் வாழிடம். வன விளைபொருள் சேகரித்தல், யானை பழக்குதல், மரம் இழுத்தல் ஆகியவற்றில் அவர்களின் உழைப்பின்றிக் காட்டுப் பொருளாதாரம் இயங்கியிராது. காட்டில் வழி அறிந்தவர் துணையின்றி எந்த ஆய்வாளரும் அங்கே நடமாட இயலாது. எனினும் அருங்காட்சியகச் சீட்டின் மரபில் 'சேகரித்தவர்' என்ற கட்டம் உண்டு, 'வழி காட்டியவர்' என்ற கட்டம் இல்லை. 1675இல் இட்டி அச்சுதனின் சான்றுரையை அவர் பெயரோடு அச்சிட்ட கொச்சியின் முந்தைய மரபோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். டச்சு ஆளுநர் வைத்தியரின் பெயரை அச்சிட்டது பெருந்தன்மையால் மட்டும் நிகழவில்லை. அறிவின் நம்பகத்தன்மைக்கு உள்ளூர்ச் சான்று அன்று தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டுக்குள் அந்நம்பகத்தன்மை அளவுகோலுக்கும் ஒப்பீட்டுப் பேழைக்கும் இடம்மாறிவிட்டது. பாடம் செய்த தோலே சாட்சியாயிற்று. அதைக் காட்டித் தந்தவர் சாட்சியாகத் தேவைப்படவில்லை.

பெயர்களின் கதையும் இதைச் சார்ந்ததே. தென்கோடிக் குருவியின் துணையினப் பெயரில் திருவாங்கூர் என்னும் அரசு வாழ்கிறது. அவ்வரசு 1949 ஜூலை 1 அன்று கொச்சியோடு இணைந்தது. இணைந்த அரசின் பெயரைத் தாங்கி, 'திருவாங்கூர்-கொச்சிப் பறவைகள்' என்னும் சாலிம் அலியின் நூல் 1953இல் வெளியாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. 1969இல் நூலின் மறுபதிப்பு 'கேரளப் பறவைகள்' என்னும் பெயரில் வந்தது. இதற்கிடையே, இந்துசூடன் என்ற புனைபெயரில் எழுதிய கே.கே. நீலகண்டனின் 'கேரளத்திலே பட்சிகள்' 1958இல் மலையாளத்தில் வெளிவந்து, பறவையறிவைப் பள்ளி மாணவரின் கைக்குக் கொண்டு சேர்த்தது. ஆங்கில அறிக்கையின் முகாமிலிருந்து மலையாள வாசகரின் முற்றம் வரை அறிவு நடந்த தூரம் கால்நூற்றாண்டு.

தண்டவாளத்தின் முடிவு அதற்கும் பின்னர் வந்தது. 1963இல் காட்டு டிராம்வே மூடப்பட்டது. இரும்பு அகற்றப்பட்டது, பாலங்கள் சிதைந்தன, சரிவுகளைக் காடு மூடியது. அதே காலத்தில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்தன. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளை நிரப்பின. முன்னர் மேற்கே சாலக்குடிக்கு மரத்தை அனுப்பிய காடு, இப்போது கிழக்கே பொள்ளாச்சிச் சமவெளிக்கு நீரை அனுப்புகிறது. பரம்பிக்குளத்துக்கு இன்று செல்வோரும் மேற்கிலிருந்து ஏறுவதில்லை. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியே தமிழ்நாட்டிலிருந்தே நுழைகின்றனர். 2010இல் அது புலிகள் காப்பகமாயிற்று. குரியார்குட்டியில் சாலிம் அலியின் நினைவாக ஒரு மையம் உள்ளது. கொச்சி அரசின் வருவாய்ப் பாதை மறைந்துவிட, அப்பாதையோரத்தில் சில நாள் தங்கியவரின் பெயர் எஞ்சியது.

2009இல் கேரளப் பறவையியலாளர்கள் பழைய முகாம்களை வரிசையாகத் தேடிச் சென்று மீள்கணக்கெடுப்பு நடத்தினர். முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே இடங்களை ஒப்பிடும் வாய்ப்பு இந்தியாவில் அரிது. முதல் ஆய்வாளர் இடத்தையும் நாளையும் உயரத்தையும் பிசகாமல் எழுதிவைத்ததால் மட்டுமே அது இயன்றது. மஞ்சள் பட்டாணிக்குருவி இன்று அழிவின் விளிம்பில் உள்ள பறவையன்று. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலை குறைந்த வகையிலேயே உள்ளது. அதனாலேயே அது நல்ல வரலாற்றுச் சான்றாகிறது. அழிந்த உயிரைப் பற்றிய வரலாறு இரங்கற்பாவாக எளிதில் மாறிவிடும். வாழும் உயிரின் வரலாற்றையோ ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் சரிபார்க்க இயலும்.

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இருவகைச் சாய்வுகளுக்கு ஆளாவதுண்டு. ஒரு சாரார் 1933ஐத் தன்னலமற்ற இயற்கை ஆர்வத்தின் கதையாக மட்டும் எழுதுவர். மற்றொரு சாரார் அதை அரசின் சுரண்டல் இயந்திரத்தின் ஓர் உறுப்பாக மட்டும் காண்பர். மட்டாஞ்சேரித் துறைமேடையிலிருந்து குரியார்குட்டி வரை பாதையைத் தொடர்ந்து சென்றால் இரண்டும் ஒரே கட்டடத்தில் இரவு தங்கியது தெரியவரும். மரக்கணக்கு எழுதும் அலுவலரின் ஏடும் பறவைச் சீட்டு எழுதுபவரின் ஏடும் அந்த விடுதியில் ஒரே விளக்கின் கீழ் விரிந்திருக்கக் கூடியவை. முதல் ஏடு அன்றைய வருவாயைச் சொல்லி முடிந்துபோனது. இரண்டாம் ஏடு, அதை எழுதியவரே எதிர்பாராத வினாக்களுக்கு இன்றும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. அவ்விடையை நம்புமுன், அது எத்தடத்தில் ஏறி வந்தது, யாருடைய பெயரைக் கீழேயே விட்டு வந்தது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை.